இரண்டாவது யுரேனியம்

உயர்தரம் படித்த காலத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லை. முந்தைய வகுப்பு மாணவி ஒருத்தியின் குறிப்புகளைப் பார்த்தெழுதிப் படித்தேன். யுரேனியம் படிப்படியாகத் தேய்ந்து ஈயமாகும் தொடர் மட்டும் அதில் சரிவரவில்லை. தொடக்கத்தில் இருந்த யுரேனியம் சில படிகள் தள்ளி மறுபடியும் வந்தது. பிழையென்று நினைத்து அவள் அதை வெட்டியிருந்தாள். வெட்டினால் எண்கள் பொருந்தவில்லை. விட்டால், அழிந்துபோனது எப்படித் திரும்பி வரும் என்று விளங்கவில்லை. பரீட்சை நெருங்கியிருந்தது. மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய எங்கள் குடும்பத்தில் எழுத்துத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். யாரைக் கேட்பது?

அப்பா கூலிக்குப் போகும் வயல்காரரின் மகன் லண்டனிலிருந்து விடுமுறையில் வந்திருந்தார். பாடங்கள் காட்டும் கணினி ஒன்று கொண்டுவந்திருந்தாராம்.

"நீ சொல்ற அணுப் பாடமும் இருக்குதாம். ஞாயித்துக்கெழம வரச் சொன்னாரு," என்றார் அப்பா. எனக்காக அவர் போய்க் கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் போனேன்.

அந்த வீட்டில் மின்சாரம் இல்லை. படம் பார்க்கவென்று ரீவியும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். படத்துக்கு முன் அதே ரீவியில் கணினியைப் பூட்டிப் பாடம் காட்டுவதாக ஏற்பாடு. யன்னல்களைச் சாக்கால் மறைத்துப் பகலிலேயே கூடத்தை இருட்டாக்கியிருந்தார்கள். உள்ளே கதிரைகளில் சனம். எங்களைப் போன்ற கூலிக் குடும்பங்கள் முற்றத்தில்.

நிரல் ஒரு கசெற்றில் இருந்தது. ஓடவிட்டதும் கீச்சிட்டது.

"தம்பி, பெட்டிக்குப் பேய் பிடிச்சிட்டுதோ?" என்றார் ஒரு கிழவர்.

"பொறுங்கோ அப்பு, அது வாசிக்குது."

"வாசிக்கிறதோ, கத்துறதோ? படம் எப்ப?"

ஒருதரம் வாசிப்புப் பிழைத்து, நாடாவைத் திரும்பவும் சுற்றிப் போட்ட பிறகு திரையில் எழுத்துகள் வந்தன. முற்றத்திலிருந்து பார்க்க வெறும் வெள்ளைப் புள்ளிகள்.

அப்பா எழுந்தார். "தம்பி, புள்ளைக்கு இங்கருந்து எழுத்துத் தெரியலீங்க."

வீட்டுக்காரம்மா திரும்பிப் பார்த்தார். "அவளைக் குசினிப் பக்கத்தாலை வரச்சொல்லு."

மற்றவர்கள் முன்படியால்தான் ஏறிப் போயிருந்தார்கள். குசினி வாசல் கூலிக்காரர் தேநீர் வாங்கும் இடம். நான் அசையவில்லை.

"எந்தப் பக்கமாப் போனா என்னம்மா. அவரு நிறுத்திடப் போறாரு." அப்பாவின் குரலில் ஒரு கிழமை வேலையின் களைப்பு இருந்தது.

போனேன். அடுப்பைத் தாண்டிக் கதிரைகளுக்குப் பின்னால் போய் நின்றபோது தொடர் ஈயத்துக்கு வந்துவிட்டது.

"அண்ணை, முதலிலை இருந்து ஒருக்காக் காட்டுவீங்களோ?"

"இன்னொருக்காலோ?" என்றது ஒரு கதிரை.

லண்டன்காரர் விசையை அழுத்தினார். யுரேனியம், தோரியம், புரொற்றக்ரினியம், பிறகு மறுபடியும் யுரேனியம். முதற்படியில் அணுவெண்ணில் குறைந்த இரண்டும் அடுத்த படிகளில் ஒவ்வொன்றாகக் கூடியிருந்தன. நிறை குறைந்த அதே யுரேனியம். பிழை இல்லை. எழுதிக்கொண்டேன். பெரிய சந்தோஷம் ஒன்றும் வரவில்லை, கால்தான் உளைந்தது.

"இவ்வளவும் காணுமோ தங்கச்சி?"

"ஓம், காணும்."

படம் தொடங்கியது. நான் சனத்துக்குள்ளால் நடந்து முன்படியால் இறங்கினேன். ஒருவரும் கவனிக்கவில்லை. எல்லாரும் ரீவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பா வேலிக் கப்பில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார்.

"கெடச்சிருச்சா?"

"ஓம்."

எழுந்து சாரத்தை உதறியவர் என் கால்களைப் பார்த்தார். "செருப்பு எங்க?"

குசினி வாசலில் கிடந்தது. வீட்டைச் சுற்றிப் போய் எடுத்து வந்தேன்.