கருவியின் மேல் ஈரச் சாக்கு

2024 ஏப்ரல் 23, செவ்வாய்க்கிழமை, பகல் இரண்டு மணி பத்து நிமிடம். வானத்தில் துண்டு மேகம் இல்லை, காற்று அசையவில்லை. நண்பரைப் பார்த்துவிட்டு லோயர் கேம்ப் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தேன். கைபேசியில் செய்தி வந்தது. கருவியின் உள்வெப்பம் 61 டிகிரி. நான் வைத்திருந்த எல்லை 60.

காமயகவுண்டன்பட்டியில் என் வீட்டு மாடியறையில் இருக்கிறது அந்தக் கருவி. தொலைபேசித் துறையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின் வைத்தது. அதிலிருந்து 186 வீடுகளுக்கு இன்டர்நெட் போகிறது. வெப்பம், ஈரப்பதம், மின்சாரம் மூன்றுக்கும் சென்சார் உண்டு. எல்லை தாண்டினால் எனக்குச் செய்தி வரும். அந்தக் கோடையில் இது நாற்பத்து நாலாவது. முந்தைய நாற்பத்து மூன்றுக்கும் நானே மாடியேறிப் பார்த்திருந்தேன். இன்று மனைவியும் ஊரில் இல்லை. சாவி எதிர்வீட்டில், அவள் தம்பியிடம் இருந்தது. திராட்சைத் தோட்டக்காரன்.

“மாப்ளே, மாடியில மிஷின் சூடாகுதாம். ஏசி ஓடுதான்னு போய்ப் பாரு.”

இரண்டு நிமிடத்தில் மேலேறிவிட்டான். “ஏசி ஊமையாக் கெடக்கு மச்சான். பொட்டி கொதிக்குது. பதறாதீக, நான் பாத்துக்கிறேன்.”

“சன்னலைத் தொறந்து ஃபேனை வை. வேற எதையும்...”

சொல்லி முடிக்குமுன் போனை வைத்துவிட்டான். பேருந்து வந்தது; ஏறினேன்.

2:31க்கு 57. மூச்சு வந்தது. 2:38க்கு 66. கூடவே இன்னொரு செய்தி: ஈரப்பதம் 88. மழையே இல்லாத நாளில் அறைக்குள் ஈரம் எப்படி வரும்? மறுபடி அழைத்தேன்.

“என்னடா செஞ்ச?”

“சாக்கை நனைச்சு நாலு பக்கமும் போர்த்திட்டேன். லாரி வர்ற வரைக்கும் பழத்தை அப்படித்தான வச்சிருப்போம்? இப்பச் சில்லுன்னு இருக்கு. இன்னொரு வாளி ஊத்தலாம்னு நிக்கிறேன்.”

சாக்கு காற்று வழியை அடைத்ததில்தான் உள்ளே 66 ஏறியிருக்கிறது. “ஊத்தாத! தொடாத! கரண்டு இருக்குடா, எறங்கி வா!”

பேருந்தே திரும்பிப் பார்த்தது.

“நீங்கதான மச்சான் சூடுன்னு சொன்னீக? இருங்க, சாக்கை எடுத்துர்றேன்.”

“எடுக்காத!” என்றேன். ‘ஆ’ என்று ஒரு குரல். தடாலென்று ஏதோ விழுந்தது. அழைப்பு அறுந்தது.

2:44க்குச் சென்சார் தன் பேட்டரியிலிருந்து அனுப்பிய கடைசிச் செய்தி: மின்சாரம் இல்லை. பதினோரு முறை அழைத்தேன், இணைப்பே கிடைக்கவில்லை. வேலையில் இருந்தபோது ஈரக் கையோடு கம்பியைத் தொட்ட ஒருவரைத் தூக்கிய நாலு பேரில் நானும் ஒருவன். அந்த உடம்பின் கனம் அப்போது என் தோளில் ஏறியது. பக்கத்து வீட்டுக்காரர்கள் எண் எதுவும் கைபேசியில் அகப்படவில்லை.

“பெருசு, உக்காருங்க, விழுந்துறப் போறீக” என்றார் கண்டக்டர். உட்கார முடியவில்லை. என் மனைவியிடம் முதல் வாக்கியத்தை எப்படித் தொடங்குவது என்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு ஒரே தம்பி.

கம்பத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். வீட்டுப் படிகளில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பதினேழு படி. பாதியில் நின்று மேலே பார்த்தேன். கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தான், வலது கையை மடியில் போட்டுக்கொண்டு.

“ஒரு உதறு உதறிருச்சு மச்சான். சாக்கை இழுக்கைல. பட்டுனு லைன் எறங்கிருச்சு. அதான் பொழச்சேன். போன் வாளிக்குள்ள போச்சு.” சிரிக்கப் பார்த்தான். “ஒங்க பொட்டி அவிஞ்சு போச்சு, திட்டாதீக.”

திட்டவில்லை. மின்கசிவைக் கண்டதும் பிரேக்கர் தானாக விழுந்து அவனைக் காப்பாற்றியிருந்தது. அவன் மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணினேன். நிமிடத்துக்கு 104. மறுபடி எண்ணினேன். அதே ஆட்டோவில் கம்பம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். இதயத்துக்கு ஒன்றுமில்லை என்றார்கள். ‘தொடாதே’ என்பதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

கருவிக்குப் புது பவர் சப்ளை, ஈசிஜி, அவனுக்கு ஒரு கைபேசி, ஆட்டோ, எல்லாம் சேர்த்து 28,750 ரூபாய்.