பதினோரு மாதத்துக்கு ஒருமுறை பால் காய்ச்சிய மாடி

வீட்டை வாடகைக்கு விடுவது பற்றி இப்போதும் என்னிடம் யோசனை கேட்டு வருகிறார்கள். மாடிக்குத் தனிப் படிக்கட்டு வையுங்கள், கரண்ட் மீட்டரைத் தனியாக வாங்குங்கள், குடி வருபவர் முன்னாலேயே எல்லாக் குழாயையும் திறந்து காட்டுங்கள் என்று சொல்வேன். மோட்டார் சுவிட்ச் உங்கள் பக்கம் இருந்தால், தண்ணீர் கேட்டு வருகிறவர்களிடம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள் என்பேன். நல்ல யோசனைகள்தான். குடித்தனக்காரரைப் பார்த்து எவ்வளவு பயப்படலாம் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அதில்தான் எனக்கு உண்மையான அனுபவம்.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டின் மேல் ஒரு மாடி எழுப்பினேன். நான் ஒரு சின்ன கம்பெனியில் குமாஸ்தா, பென்ஷன் கிடையாது. எங்களுக்குப் பிள்ளைகளும் இல்லை. சேமநல நிதியையும் மனைவியின் வளையல்களையும் அந்த மாடியில் போட்டுவிட்டோம். வயதான காலத்தில் அதன் வாடகைதான் எங்களுக்குச் சோறு போட வேண்டும். அதனால் அதை யாராவது அபகரித்துவிடுவார்களோ என்று, பூச்சு காய்வதற்கு முன்பே எனக்குத் தூக்கம் போய்விட்டது.

யோசனை கேட்கப் போனது பத்திரம் எழுதும் ஒருவரிடம். வாலிபத்தில் ஒரு நொத்தேரிடம், அதாவது பிரெஞ்சுக்காரர் காலத்து முறையில் பத்திரம் முடித்துத் தருபவரிடம், வேலை பார்த்தவர். அவருக்குச் சொந்த வீடு கிடையாது. முப்பது வருஷமாக ஒரே வாடகை வீட்டில், காலி செய்யச் சொன்ன மூன்று தலைமுறை உரிமையாளர்களையும் சமாளித்துக்கொண்டு இருந்தார். இவரைவிட விஷயம் தெரிந்தவர் யார் இருக்க முடியும்?

"சார், மத்த ஊர்க்காரன் ஒரு சட்டத்துக்குப் பயந்தா போதும். நாம ரெண்டுக்குப் பயப்படணும்" என்றார். "இந்தியச் சட்டத்துக்குப் பதினோரு மாச அக்ரிமெண்ட் போட்டுக்க. பிரெஞ்சு சட்டத்துக்கு அது பத்தாது. பதினோரு மாசம் முடிஞ்சா ஒரு ராத்திரி வீடு சுத்தமா காலியா இருக்கணும். ஒரு துரும்பு உள்ள இருந்தாலும் பொசெசியோன்தான், அனுபோகம் அவனுக்குப் போயிடும். அப்புறம் வீடு உன்னுது இல்ல."

இது எந்தச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அவர் சொன்ன பிரெஞ்சு வார்த்தை அவ்வளவு நன்றாக இருந்தது.

மாடிக்கு ஒரு இளம் தம்பதி வந்தார்கள். அவர் தட்டாஞ்சாவடியில் தகர டப்பா செய்யும் ஒரு பட்டறையில் சூப்பர்வைசர். அந்தப் பெண் வீட்டிலேயே ரவிக்கை தைத்தாள். ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு வரும்போது என் மனைவிக்குப் பூ வாங்கி வருவாள். வாடகை தேதி தவறாது. ஆணி அடிப்பதற்குக்கூட என்னிடம் கேட்பார்கள். இவ்வளவு நல்லவர்களாக இருக்கிறார்களே என்று என் சந்தேகம் அதிகமானது.

பதினோரு மாதம் முடிந்ததும் விஷயத்தைச் சொன்னேன். அவர் தன் கட்டில் பீரோவைச் சுற்றிப் பார்த்தார். "ஒரு நாளைக்கு சாமானை எங்க சார் கொண்டு போறது?" என்றார். அதை நான் யோசிக்கவில்லை. என் மனைவி முந்திக்கொண்டு, "நம்ம கூடத்துலயே போடுங்க" என்றாள்.

கட்டில், பீரோ, கிரைண்டர், தையல் மிஷின், கேஸ் சிலிண்டர், மாதா படம் எல்லாம் என் கூடத்துக்கு இறங்கின. நான் மேலே போய் ஒவ்வொரு அறையாகச் சோதித்தேன். சமையலறை ஜன்னலில் ஒரு மணிபிளாண்ட் இருந்தது. வேர் விட்ட பொருள் ஆயிற்றே என்று அதையும் இறக்கச் சொன்னேன். பிறகு பூட்டி, சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். யாரிடமிருந்து வீட்டைக் காப்பாற்றினேனோ அவர்கள் என் வீட்டிலேயே சாப்பிட்டு, என் பாயிலேயே படுத்திருந்தார்கள். காலையில் புது அக்ரிமெண்டில் கையெழுத்துப் போட்டு, மேலே பால் காய்ச்சி, மறுபடி குடியேறினார்கள். தெருவில் பாதிப் பேர் புதிதாக யாரோ வந்திருப்பதாக நினைத்தார்கள். ஒரு புரோக்கர் கமிஷன் கேட்டே வந்துவிட்டான்.

இரண்டாம் முறை பெட்டிகளுக்கு அவர் நம்பர் போட்டார். மூன்றாம் முறை பட்டறையிலிருந்து இரண்டு ஆட்களைக் கூட்டி வந்து ஒன்றரை மணி நேரத்தில் வேலையை முடித்தார். என் மனைவிக்கு அது திருவிழா மாதிரி ஆகிவிட்டது. வடை பாயசம் வரைக்கும் போனாள். நானும் பெருமையாக அலுவலகத்தில் சொல்லிக்கொண்டேன். மாடி கட்டிய இன்னும் இரண்டு பேர் என்னைப் பார்த்து இதையே ஆரம்பித்தார்கள்.

நான்காம் முறை வந்தபோது அந்தப் பெண்ணுக்கு எட்டு மாதம். அவளுக்குத் தாய் இல்லை, தாய்வீடும் இல்லை. அவளை என் மனைவிதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வந்துகொண்டிருந்தாள். பிரசவத்துக்குப் பிறகு கீழ் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, பழைய புடவைகளைத் துவைத்து மடித்தும் வைத்துவிட்டாள்.

"புள்ளத்தாச்சி இருக்கற வீட்டுல யாராவது சாமானை நவுத்துவாங்களா? இந்த ஒரு வாட்டி விட்டுடுங்க" என்றாள் மனைவி.

எனக்கும் அதுவே நியாயமாகப் பட்டது. இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று பத்திரம் எழுதுபவரிடம் போனேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இப்பத்தான் சார் ஜாக்கிரதையா இருக்கணும். கொழந்த பொறந்தா சர்டிபிகேட்டுல உன் மாடி விலாசம் ஏறிடும். அப்புறம் ஆண்டவனே வந்தாலும் காலி பண்ண வைக்க முடியாது."

பிறக்காத குழந்தை ஒன்று என் மாடியைப் பிடுங்கிக்கொள்ளும் என்று நான் நம்பினேன். அதை எழுதும்போது இன்றைக்கும் காது சுடுகிறது.

அந்தப் பெண் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். பாதியில் நின்று மூச்சு வாங்கினாள். நான் கீழே நின்றுகொண்டு, "மெதுவா வாம்மா, அவசரமில்ல" என்றேன். எவ்வளவு இரக்கமுள்ள மனிதன்! அன்று மனைவி வடை சுடவில்லை.

காலையில் வாசலில் ஒரு மினி லாரி நின்றது. நான் அக்ரிமெண்டை எடுத்துக்கொண்டு வந்தேன். அவர் கோபப்படவே இல்லை.

"வேணாம் சார். எல்லாம் கட்டித்தானே இருக்கு. மேல ஏத்துறதுக்குப் பதிலா வண்டியில ஏத்திக்கறோம். ரெட்டியார்பாளையத்துல ஒரு வீடு பாத்துட்டேன்."

"ஸ்டாம்பு பேப்பர் வாங்கிட்டேனே" என்றேன். அந்த நேரத்தில் என் வாயில் வந்தது அதுதான்.

சாமான் ஏற அரை மணி நேரம் ஆனது. மூன்று வருஷமாக நான் கொடுத்த பயிற்சி வீணாகவில்லை. லாரி கிளம்பியது. பின்னால் வந்த ஆட்டோவில் அந்தப் பெண்ணை ஏற்றிவிட்டு என் மனைவி உள்ளே வந்தாள். மடித்து வைத்திருந்த பழைய புடவைகளைப் பையில் எடுத்துக்கொண்டாள். கூடவே தன் புடவைகள் நான்கையும் வைத்தாள்.

"நீ எங்க?" என்றேன்.

"அவளுக்கு யாரு இருக்காங்க? நானும் போறேன்."

"எப்ப வருவ?"

அவள் ஆட்டோவில் ஏறி அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆட்டோ தெருமுனையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு மாடிக்குப் போனேன். பெருக்கித் துடைத்து விட்டிருந்தார்கள். ஒரு துரும்பு இல்லை. கீழே இறங்கினால் அங்கும் யாரும் இல்லை. மாடியும் கீழும் இனி யாரும் கேள்வி கேட்க முடியாதபடி முழுக்க என்னுடையவை. படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.