அவளுக்கு ஒன்றுமில்லை

விமான டிக்கெட்டை எடுத்து மூன்று மாதம் கழித்துத்தான் பயணக் காப்புறுதி பற்றி யோசித்தேன். என் புத்தி எப்போதும் அந்த வரிசையில்தான் வேலை செய்யும். டிசம்பரில் ஜப்பானின் வடக்கே போய்ப் பனி பார்ப்பதாக முடிவாகியிருந்தது. அது என் மனைவியின் ஆசை. பிறந்ததிலிருந்து சிங்கப்பூர் வெயிலில் வெந்தவள், விழும் பனியைக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் முப்பது வருடமாக ‘பார்க்கலாம், பார்க்கலாம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

எனக்கு எழுபத்து மூன்று, அவளுக்கு எழுபத்தொன்று. கணினியில் எங்கள் பிறந்த வருடத்தைத் தட்டியதும் திரையில் இருந்த திட்டங்களில் பாதி காணாமல் போயின. மிச்சம் இருந்தவற்றில் கட்டணம் கூடியிருந்தது, மருத்துவச் செலவுக்குத் தரும் தொகை குறைந்திருந்தது. விழுந்தால் எழ முடியாத வயதில் குறைவாகத் தருவார்களாம், குட்டிக்கரணம் போடும் வயதில் அள்ளித் தருவார்களாம். எரிச்சலில் கணினியை மூடிவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் தனக்குத் தெரிந்த ஒரு முகவரின் தொலைபேசி எண்ணைக் கொடுத்தார்.

ஃபேரர் பார்க்கில் ஒரு காப்பிக் கடையில் அந்த முகவரைச் சந்தித்தோம். ஐம்பதை நெருங்கும் தமிழ்ப் பெண்மணி. உட்கார்ந்ததும் படிவத்தை எடுத்து, “அங்கிள், என்னென்ன மெடிசின் சாப்பிடுறீங்க?” என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். “காலையில ரெண்டு வெள்ளை, ஒரு மஞ்சள். ராத்திரி சின்னதா ஒன்னு.”

முகவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். என் மனைவி காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஒரே மூச்சில் ஒப்பித்தாள். ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று, கால் வீக்கத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றின் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த வருடத்திலிருந்து, எல்லாம். பன்னிரண்டு வருடமாக அவள் உள்ளங்கையில் வைத்து நீட்டுவாள், நான் வாயில் போட்டுக்கொள்வேன். அது என்ன, எதற்கு என்று கேட்டதில்லை. என் வயதுத் தமிழ் ஆண்களில் பலர் இப்படித்தான். இதில் வெட்கப்பட ஏதாவது இருப்பதாக அன்றுவரை எனக்குத் தோன்றவும் இல்லை.

“ஆன்டிக்கு?”

நான்தான் பதில் சொன்னேன். “அவளுக்கு ஒன்னும் இல்ல. இரும்பு மாதிரி இருக்கா.”

“கால்சியம் மட்டும் லா,” என்றாள் அவள்.

முகவர் பேனாவை மூடிவிட்டுப் படிவத்தை என்னிடமே கொடுத்தார். “இப்ப சைன் பண்ண வேணாம் அங்கிள். வீட்டுல போயி ரெண்டு பேரோட பாலிகிளினிக் பேப்பரையும் செக் பண்ணுங்க. டெஸ்ட்டுக்கு வரச் சொல்லியிருந்தாகூட எழுதணும். மறைச்சுட்டு அங்க ஏதாச்சும் ஆச்சுன்னா, கிளைம் பண்ண முடியாது.”

மறுநாள் அவள் சந்தைக்குப் போயிருந்த நேரம் நானே அந்த வேலையைச் செய்ய உட்கார்ந்தேன். ஆங் மோ கியோவில் உள்ள எங்கள் வீட்டில் மருத்துவத் தாள்கள் எல்லாம் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் இருக்கும். மேலே முழுக்க என் தாள்கள், தேதி வாரியாக, கிளிப் போட்டு. டின்னின் அடியில் நான்காக மடித்த ஒரே ஒரு தாள் அவளுடையது. நெஞ்சு இறுக்கம், படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, இதய மருத்துவரைப் பார்க்கவும் என்று பாலிகிளினிக் மருத்துவர் எழுதிய கடிதம். சந்திப்புக்குக் கொடுத்த நாள் போய் இரண்டு மாதமாகியிருந்தது.

அவள் கதவைத் திறந்ததும் கத்தினேன். பயந்தால் எனக்குக் கோபம்தான் முதலில் வரும். அவள் காய்கறிப் பையை மெதுவாக இறக்கி வைத்தாள்.

“நீங்க டிக்கெட் எடுத்த வாரம்தான் அந்த லெட்டரைக் குடுத்தாங்க. டெஸ்ட்ல ஏதாச்சும் சொல்லிட்டா ட்ரிப் போயிடும்ல? அதான் ஃபோன் பண்ணி வேற டேட் கேட்டேன். ஜனவரிக்குப் போட்டாங்க.”

“நெஞ்சு இறுக்குதுன்னு என்கிட்ட சொல்றதுக்கு என்ன?”

“சொன்னேனே. மேம்பாலத்துல. நீங்க முன்னாடி போயிட்டே இருந்தீங்க.”

சிராங்கூன் சாலைக்குப் பூ வாங்கப் போகும் போதெல்லாம் மேம்பாலப் படியில் பாதியில் நின்றுவிடுவாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே போகும் பேருந்துகளைப் பார்ப்பாள். வேடிக்கை பார்க்கிறாள் என்று நினைத்து, மேலே நின்றபடி “சீக்கிரம் வா” என்று குரல் கொடுப்பேன். எத்தனை முறை கொடுத்திருப்பேன். கூசிப்போனேன்.

“ஃபாரத்துல இல்லைன்னே போடுங்க,” என்றாள். “போயிட்டு வந்து பார்த்துக்கலாம். பத்து நாள்தானே. எனக்கு ஒன்னும் ஆகாது.”

பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இல்லை என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டால் அவள் பனி பார்ப்பாள். முப்பது வருடக் கடன் தீர்ந்துவிடும். ஆனால் முன்பின் தெரியாத ஊரில், மூச்சுக்குத் திணறும் அவளைக் கையில் பிடித்துக்கொண்டு, பாஷை தெரியாமல் நான் நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது. ஆம் என்று போட்டேன். பிறகு மருத்துவமனையைத் தொலைபேசியில் அழைத்து, முன்னதாக ஒரு நாள் கிடைக்குமா என்று கெஞ்சினேன்.

இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. மாத்திரை மட்டும் நேரம் தவறாமல் மேசைக்கு வந்தது, தட்டில்.

பரிசோதனையில் இரண்டு அடைப்பு என்றார்கள். ரத்தக் குழாயை விரிக்க ஸ்டென்ட் வைத்தார்கள். விமானம் புறப்பட்ட நாளன்று அவள் மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி, குளிரூட்டி அதிகமாக இருக்கிறது, போர்வை வாங்கி வாருங்கள் என்றாள். எனக்கு அழுகை வந்தது. தாதியிடம் போர்வை கேட்கும் சாக்கில் வெளியே போய்விட்டேன்.

அடுத்த வருடம் மருத்துவர் போகலாம் என்று சொன்ன பிறகு, அதே காப்பிக் கடையில் அதே முகவரோடு உட்கார்ந்தோம். இதயம் சம்பந்தமான செலவுக்கும் ஈடு தரும் திட்டம் ஒன்று இருந்தது. விலை கூடுதல்தான். நான் முணுமுணுக்கவில்லை.

“ஆன்டிக்கு என்னென்ன மெடிசின்?”

அவள் வாயைத் திறக்குமுன் நான் சொல்ல ஆரம்பித்தேன். ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு, கொழுப்புக்கு ஒன்று, இதயத் துடிப்புக்கு ஒன்று. பெயர், மில்லிகிராம், தொடங்கிய தேதி. ஓர் இடத்தில் தடுமாறினேன். அவள் எடுத்துக் கொடுக்கவில்லை. நானே யோசித்துச் சொல்லி முடித்தேன்.

முகவர் எழுதி முடித்து என் பக்கம் திரும்பினார். “சூப்பர் அங்கிள். இப்ப உங்களோடது?”

நான் என் மனைவியைப் பார்த்தேன்.