தலைக்கு மேல் போகாத கைகள்

சொக்கலிங்கம் பிள்ளை காலமானார் என்ற செய்தி வந்த அன்று மாலையே எங்கள் சைவ சபை கூடி, நெடுநேரம் விவாதித்து, ஒரு பாரதூரமான முடிவுக்கு வந்தது. அவருடைய மகள் மீனாட்சியைத் தம் மகனுக்கு நிச்சயம் செய்திருந்த முக்கூடல் பண்ணையார் இரங்கல் கூட்டத்துக்கு வருகிறார். அவரை ஜமுக்காளத்தில் உட்கார வைக்காமல், முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைப்பது. சிலர் ஆட்சேபித்தார்கள். தலைவர் தம்முடைய நாற்காலியையே கொடுக்க முன்வந்ததும் அடங்கினார்கள்.

பிள்ளையை அறிந்தவர்களுக்கு ஆனித் தேரோட்டம் நினைவிருக்கும். தேர் அசைந்ததும் ரதவீதியில் எல்லாக் கைகளும் தலைக்கு மேல் குவிந்தன. அவர் கைகள் மட்டும் நெஞ்சோடு நின்றன.

“கையத் தூக்கினா கிரீடம் விழுந்துருமோ வே?” என்றார் தலைவர் அண்ணாச்சி.

பிள்ளை சிரிக்கக்கூட இல்லை. பணிவில்லாதவர் சபையில் பதிகம் பாடலாகாது என்று தீர்மானித்தோம்.

அதைச் சொல்ல நான் போனபோது அவர் கோர்ட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். மீனாட்சி பின்னால் நின்று தலைப்பாகை கட்டிவிட்டாள்.

“ஜமீன்தாருக்குத் தலைப்பா கட்டவும் ஆளு வேணுமோ?” என்றேன்.

“தீர்மானத்துல திமிர்னுதான எழுதியிருக்கீரு? அப்படியே இருக்கட்டும் வே. அது என்னோட போயிரும்” என்றார் பிள்ளை.

இதையும் திமிர் என்றே சபைக்கு அறிவித்தேன்.

நாலு பேரைச் சிரிக்க வைப்பவன் என்று எனக்குப் பெயர் உண்டு. அவர் உதடு ஒருநாளும் அசைந்ததில்லை. ரசனை போதாது என்று மன்னித்துவந்தேன். நீண்ட பிரசங்கங்களில் அவர் கண் மூடாமல் கேட்பதைப் பிரசங்கியார்கள் மெச்சுவார்கள். பக்கத்தில் இருந்த எனக்குக் குறட்டை கேட்கும்.

துக்கவீட்டில் பாளையங்கோட்டை டாக்டர் எங்களிடம் விளக்கினார். “சதை கரையுத வியாதி. முகத்துல ஆரம்பிச்சு தோளுக்கு வரும். கண்ணு முழுசா மூடாது, சிரிக்க வாய் விரியாது, கை மேல ஏறாது. அவுக அப்பாவுக்கும் இருந்துது. உயிரோட இருக்கையில யார்ட்டயும் சொல்லப்படாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாரு.”

எங்களுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வெட்கப்பட்ட சபைக்குத் தெரிந்த பரிகாரம் ஒன்றே: தீர்மானம். நான்தான் எழுதினேன். ‘தந்தை வழி வந்த கொடுநோயை வாய் திறவாது சுமந்த உத்தமர்மீது சாட்டிய பழியை இச்சபை நீக்குகிறது.’ இரங்கல் கூட்டத்தில் தலைவர் அதைத் தெருக்கோடிக்குக் கேட்கும்படி வாசித்தார்.

முன்வரிசை நாற்காலியிலிருந்து பண்ணையார், “தந்தை வழியா?” என்று கேட்டார்.

“ஆமா அண்ணாச்சி, தலைமுறை தலைமுறையா!” என்றார் தலைவர், குரல் தழுதழுக்க.

கூட்டத்தில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும் துடைத்துக்கொண்டேன்.

தலைப்பாகை கட்டும்போது, ‘அது என்னோட போயிரும்’ என்று அவர் சொன்ன அந்த வார்த்தைதான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது. அது புரிய எனக்குச் சில நாட்கள் பிடித்தன.

காரியம் முடிந்த மறுநாள், நிச்சயத்துக்குக் கொடுத்த பட்டுச்சேலையைத் திருப்பி வாங்க முக்கூடலிலிருந்து ஆள் வந்தது. மீனாட்சி அதை மடித்துக் கொடுத்தாள்.