ஞாயிறுதோறும் இரண்டு கிண்ணம் சூப்

எங்கள் அக்கா அல்சூரில் பிறந்தார். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் என்னை வளர்த்து ஆளாக்கியவர் அவரே. நாடு விடுதலை பெற்ற மறு வருடம் புதுச்சேரி மாப்பிள்ளைக்கு வாழ்க்கைப்பட்டார். மாமா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாய்; சைகோனில் வேலை. லீவுக்கு எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்.

அப்படி வந்தபோது, பட்டாளத்தில் கற்ற வெங்காய சூப்பை அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தார். பெல்லாரி வெங்காயத்தை மெல்லிசாக அரிந்து, வெண்ணெயில் சிறுதீயில் ஒரு மணி நேரம் வதக்க வேண்டும். "அவசரப்பட்டா கருகிடும். வெல்லப்பாகு நிறம் வரணும்," என்றார். பிறகு ஆட்டெலும்பு வெந்த சாறு. மேலே வாட்டிய ரொட்டியும் துருவிய டின் சீஸும். எங்களிடம் பேக்கரி அடுப்பு ஏது? மூடியின்மேல் தணலைக் கொட்டி சீஸை உருக்கினார்கள்.

மாமா திரும்பிப் போன சில மாதங்களில் கடிதம் நின்றது. பிறகு பிரெஞ்சில் ஒரு தாள் வந்தது. கான்வென்ட் சிஸ்டர் ஒருவர் படித்துச் சொன்னார்: காணவில்லை. இறந்தார் என்று அதில் இல்லை.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அக்கா அந்த சூப்பை வைத்தார். மாமா இடத்தில் ஒரு கிண்ணம். வெங்காயம் சிவக்கும் வாசனை எழும்போது, வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டதுபோல் நிமிர்வார். பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் கேட்கும். ஒருவரையொருவர் பார்க்காமல் வாசலைப் பார்ப்போம்.

ஒரு ஞாயிறு உண்மையாகவே பூட்ஸ் சத்தம் வந்தது. அக்கா கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினார். வந்தவர் மாமா இல்லை. மாமாவின் படையில் இருந்த காரைக்கால்காரர். அக்கா மாமாவின் கிண்ணத்தையே அவர்முன் வைத்தார். ஒரு வாய் குடித்தவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

"அவரை எங்கேயாவது பார்த்தீங்களாண்ணே?"

"தேடிட்டுத்தாம்மா இருக்காங்க."

பஸ் ஏற்றிவிடப் போன என் கையை அவர் பிடித்துக்கொண்டார். "தம்பி, என் கையாலதான் பொதைச்சேன். அந்தம்மா கொடுத்ததைக் குடிச்சிட்டு எப்படிச் சொல்றது? நீங்க சொல்லிடுங்க."

வீடு திரும்பினேன். அக்கா கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்னடா சொன்னார்?"

"ஹொசூர் பஸ் எப்பன்னு கேட்டார்க்கா."

அதன்பின் ஒன்பது வருடம் நான் சொல்லவே இல்லை. இல்லாத மனிதருக்கு அக்கா சூப் ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டே என் பங்கைக் குடித்தேன். பூட்ஸ் சத்தம் நிற்கவில்லை. இப்போது அது என்னைத் தேடி வருவதுபோல் இருந்தது.

போன வருடம் அக்கா படுக்கையில் விழுந்தார். டாக்டர் கைவிரித்த அன்று அவர் காலடியில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். "மாமா இல்லக்கா. அந்தக் காரைக்கால்காரர் அன்னிக்கே சொல்லிட்டார்."

அக்கா கண்ணைத் திறக்கவில்லை. "பஸ் ஏத்திவிடப் போனவன் அழுத மூஞ்சியோடவா திரும்பி வருவான்? எனக்கு அன்னிக்கே தெரியும்டா. நீ எப்ப வாயைத் தொறந்துடுவியோன்னுதான் பயந்துட்டிருந்தேன். சொல்லிட்டா, அப்புறம் யாருக்குன்னு அடுப்பு பத்த வெப்பேன்?"

மூன்றாம் நாள் போய்விட்டார்.

அக்காவைச் சுமந்த தோள்களுக்கும், அந்த நாட்களில் எங்களுக்குச் சோறு அனுப்பிய வீடுகளுக்கும் எங்கள் வணக்கம். எதிர்வீட்டுக் கங்கம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அக்காவுக்குப் பொட்டு வைக்கலாமா கூடாதா என்று உறவினர் தயங்கி நின்றபோது, தாமே கணவரை இழந்த அந்த அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"என்ன யோச்சனெ மாடுறீங்க? குங்குமம் கொடுப்பா," என்று கன்னடம் கலந்த தமிழில் அதட்டி, என்னிடம் வாங்கி, அக்காவின் நெற்றியில் பெரிதாக வைத்தார். அதன்பிறகுதான் எங்களால் அக்காவைத் தூக்க முடிந்தது.