வேகம் குறையாத பாட்டு

போன வருஷம் மழைக்காலம் முடிந்து வெயில் தலைகாட்டத் தொடங்கியிருந்த சமயம். ஹைதராபாத்தில், ஹப்சிகுடாவில் நான் தனியாகக் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டில், அதுவும் குளியலறையில், இது நடந்தது. இப்படி அனுபவம் எழுதுகிறவர்கள் மலை, கடல் என்று எங்கெங்கோ போய்வருகிறார்கள். எனக்கு வாய்த்தது குளியலறை. என்ன செய்ய?

ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அடுத்தவர் செய்ததில் குற்றம் கண்டுபிடிப்பதற்கே சம்பளம் வாங்கியவள். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டதால் சிநேகிதர்கள் குறைவு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா அம்மா காலமான பிறகு சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒரு தம்பி. அவனும் குடும்பத்தோடு கனடா போய்விட்டான். போகும்போது மகளுக்காக வாங்கியிருந்த பியானோவை என் வீட்டில் இறக்கிவிட்டு, "கொஞ்ச நாள் இருக்கட்டும்க்கா" என்றான். கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு அது இன்னும் இருக்கிறது.

அது தானே வாசிக்கும் பியானோ. கைபேசியிலிருந்து ஒரு பாட்டுக் கோப்பை அனுப்பினால் போதும், கட்டைகள் தாமாக இறங்கி ஏறும். முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. சிறு வயதில் செகந்திராபாத் சர்ச்சில் கற்றுக்கொண்ட சில ஞானப்பாட்டுகளுக்கு மேல் எனக்கு வாசிக்கத் தெரியாது. அதற்குப் போட்டு ஓட்ட இணையத்தில் பாட்டுத் தேடியபோதுதான் அந்தக் குழுவைக் கண்டேன்.

நூறு வருஷத்துக்கு முன்பே இப்படித் தானே வாசிக்கும் பியானோக்கள் இருந்தனவாம். நீளமான காகிதச் சுருளில் துளை போட்டிருப்பார்கள். ஒவ்வொரு துளைக்கும் ஒரு சுரம். சுருள் ஓட ஓடப் பியானோ வாசிக்கும். அந்தச் சுருள்கள் இப்போது வெளிநாட்டு வீடுகளின் பரண்களில் பொடிந்துகொண்டிருக்கின்றன. சிலர் அவற்றைப் படமெடுத்து, கணினிக் கோப்பாக மாற்றி, இன்றைய பியானோக்களில் ஓடும்படி செய்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இலவசமாகப் பகிர்கிறார்கள். காகிதம் கிழிந்த இடத்தையும் பூச்சி அரித்த இடத்தையும்கூடக் கணினி துளை என்று நம்பிவிடும். நல்ல பாட்டின் நடுவில் சம்பந்தமில்லாமல் 'டங்' என்று ஒன்று விழும். அதையெல்லாம் படத்தோடு ஒப்பிட்டு நீக்க ஆள் தேவை என்று கேட்டிருந்தார்கள். குற்றம் கண்டுபிடிக்க ஆள் வேண்டும் என்றால் நான் விடுவேனா?

துளையைவிடப் பெரிய தலைவலி வேகம். எந்த வேகத்தில் ஓட்டவேண்டும் என்று சுருளின் ஆரம்பத்தில் அச்சிட்டிருப்பார்கள். பழைய சுருளில் முதலில் கிழிந்துபோவதே அந்தப் பகுதிதான். வேகம் தெரியாத கோப்பு, எடுத்தவுடன் நாய் துரத்துகிற மாதிரி ஓடும். அதைப் பியானோவில் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, கைபேசியில் கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் குறைத்து, இதுதான் என்று காது சொல்லும் இடத்தில் நிறுத்தி, அந்த வேகத்தைக் குறித்துக் குழுவுக்கு அனுப்புவேன். முகம் தெரியாத யாராவது நன்றி என்று எழுதுவார்கள். அந்த ஒரு வரியை நான் இரண்டு மூன்று தடவை படிப்பேன். சில நாட்களில் அந்த நாளில் எனக்கு வந்த ஒரே பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

எனக்கு நேர் கீழ்வீட்டில் ஒரு பெண் இருந்தாள். நாற்பது வயதிருக்கும். வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து செகந்திராபாத்திலேயே ஊறிப்போன தமிழ்க் குடும்பம். அவள் பேசும் தமிழில் ஊர் உருதுவும் கலந்திருக்கும்; 'ஏன்' என்பதற்குக் 'கைக்கு', 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ', 'ஆமாம்' என்பதற்கு 'ஹவ்'. கணவனைப் பிரிந்து, அம்மா விட்டுப்போன வீட்டில் தனியாக இருந்தாள். பட்டான்செருவில் ஒரு கம்பெனியில் வேலை, அதிகமும் இரவு ஷிப்ட். பியானோ வந்த புதிதில் நான் மத்தியானத்தில் ஓட்டுவது வழக்கம். ஒரு நாள் கலைந்த தலையும் சிவந்த கண்ணுமாக வந்து நின்றாள்.

"கைக்கு ஆண்டி இப்படிப் பண்றீங்க? நைட் டூட்டி முடிச்சுட்டு வந்து இப்பதான் கண்ண மூடுனேன். நீங்க வாசிச்சாக்கூடப் பரவால்ல, பெட்டி தானா வாசிக்குது. உக்காந்து கேக்கவும் வீட்ல ஆள் இல்ல. யாருக்காக ஆண்டி?"

அந்தக் கடைசிக் கேள்வி சுருக்கென்று தைத்தது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். "காதுல பஞ்ச வச்சுக்கிட்டு தூங்கு" என்று கதவைச் சாத்தினேன். மறுநாளிலிருந்து நேரத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொண்டேன். அவளுக்காக அல்ல, மத்தியானம் எனக்கே புழுக்கமாக இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதன் பிறகு லிப்டில் பார்த்தால் அவள் கைபேசியைப் பார்ப்பாள், நான் லிப்டின் சுவரைப் பார்ப்பேன்.

அன்று குழுவிலிருந்து ஒரு கோப்பு வந்திருந்தது. பெயரும் இல்லை, வேகமும் இல்லை. ஓடவிட்டேன். தடதடவென்று ஏதோ படை போகிற மாதிரி இருந்தது. உட்கார்ந்து வேகத்தைக் குறைப்பதற்கு முன் முகம் கழுவிக்கொண்டு வரலாம் என்று போனேன். தரையில் சோப்புத் தண்ணீர் வழிந்திருந்தது. கால் வழுக்கியது மட்டும் தெரியும். இடுப்புக்குக் கீழே 'மளுக்'கென்று ஒரு சத்தம். எழ முயன்றேன். வலியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. வலது கால் என்னுடையது இல்லாததுபோல் ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடந்தது.

கூடத்தில் பாட்டு முடிந்து மறுபடி ஆரம்பித்தது. கத்தினேன். அந்தத் தடதடப்பில் என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. பாட்டின் நடுவில் ஒரு இடத்தில், நிச்சயமாகப் பூச்சி அரித்த இடம், 'டங்' என்று ஒரு பொய்ச் சுரம். அந்த நிலையிலும், இதை நீக்கவேண்டும் என்று மனம் குறித்துக்கொண்டதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

அழைப்பு மணி அடித்தது. பாத்திரம் கழுவ வருபவள். உயிர் வந்தது எனக்கு. "அம்மா, தலுப்பு தீயண்டி!" என்று தெலுங்கில் கதவைத் திறக்கச் சொல்லித் தட்டினாள். நான் தொண்டை கிழியக் கத்தினேன். பியானோ அதைவிடப் பலமாக வாசித்தது. கதவு சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் ரகம். இன்னொரு சாவியை நான் யாரிடமும் கொடுத்துவைத்ததில்லை. அவள் இன்னும் கொஞ்சம் தட்டிப் பார்த்தாள். பாட்டுக் கேட்கிறது, அப்படியானால் அம்மா நன்றாகத்தான் இருக்கிறாள், சங்கீதத்தில் மூழ்கிவிட்டாள் என்று முடிவுசெய்துகொண்டு போய்விட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தக் கட்டிடத்தில் யார் கேட்டாலும் அப்படித்தான் நினைப்பார்கள். நான் செத்துக் கிடந்தாலும் என் வீடு கச்சேரி நடத்திக்கொண்டிருக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அழுதேன். வலியால் அழுததைவிடப் பயத்தால் அழுததுதான் அதிகம்.

கைபேசி பியானோவின் மேல் இருந்தது. யாராவது என்னைக் கூப்பிட்டால், மணி அடிக்கும் அந்தக் கொஞ்ச நேரம் பாட்டு நிற்கும். ஓய்ந்ததும் தானாக மறுபடி ஆரம்பிக்கும். மற்ற நாளில் அது எனக்கு எரிச்சல் தரும் விஷயம். அன்று எனக்கு இருந்த ஒரே வழி அதுதான். யாராவது ஒருவர் என்னைக் கூப்பிட வேண்டும். நான் கத்தும்போது கதவுக்கு வெளியே யாராவது இருக்கவும் வேண்டும். இரண்டாவதை அப்புறம் பார்க்கலாம், முதலில் யார் கூப்பிடுவார்கள் என்று யோசித்தேன்.

தம்பி ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவான். அன்று செவ்வாய். கூட வேலை பார்த்தவர்கள் வீட்டில் கல்யாணம் வந்தால் கூப்பிடுவார்கள். சர்ச்சுக்கு நான் போவதே அபூர்வம், அங்கே யார் தேடப் போகிறார்கள்? குழுவில் உலகம் முழுக்க ஆட்கள், ஒருவரிடமும் என் எண் இல்லை. கடன் வேண்டுமா, காப்பீடு வேண்டுமா என்று கேட்கும் பெண்களாவது கூப்பிட மாட்டார்களா என்று பார்த்தால், அவர்களை ஒருவர் விடாமல் தடைசெய்து வைத்திருந்தேன். என் கெட்டிக்காரத்தனம்! ஜன்னல் கண்ணாடியில் வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. அத்தனை பெரிய ஊரில், ஒரு காரணமும் இல்லாமல் என்னைக் கூப்பிட ஒருத்தரும் இல்லை என்பதை ஈரத் தரையில் கிடந்து தெரிந்துகொண்டேன்.

திடீரென்று பாட்டு நின்றது. கைபேசி மணி. நான் திகைத்துப்போய்ச் சுதாரிப்பதற்குள் மணி ஓய்ந்து பாட்டு ஆரம்பித்துவிட்டது. போச்சு என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி நின்றது. இந்தத் தடவை விடவில்லை. "நான் விழுந்துட்டேன், கதவ ஒடைங்க" என்று உடம்பில் மிச்சமிருந்த தெம்பையெல்லாம் கூட்டிக் கத்தினேன்.

வாசல் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. "ஆண்டி! கேட்டுச்சு ஆண்டி! டென்ஷன் நக்கோ, நான் இங்கதான் நிக்கிறேன்!"

கீழ்வீட்டுப் பெண்.

வாட்ச்மேனும் எதிர்க்கடைத் தச்சரும் பூட்டை உடைக்கும்வரை அவள் விடாமல் என் எண்ணைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். மணி ஓய்ந்து பாட்டு வருவதற்குள் மறுபடி கூப்பிடுவாள். ஒவ்வொரு இடைவெளியிலும், "ஆண்டி, இருக்கீங்களா?" என்பாள். "இருக்கேன்" என்பேன். அவ்வளவுதான் பேச்சு.

தொடை எலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் முறிந்திருந்தது. அன்றைக்கே அறுவை சிகிச்சை. மறுநாள் நான் கண் விழித்தபோது, கம்பெனிச் சீருடையைக்கூட மாற்றாமல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். டூட்டிக்குக் கிளம்பியவள் அப்படியே என்னோடு வந்துவிட்டிருக்கிறாள்.

"எப்படிம்மா ஒனக்குத் தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"நீங்க புதுப் பாட்டு போட்டா மொதல்ல தடதடன்னு ஓடும் ஆண்டி. அப்புறம் மெல்ல மெல்ல எறக்குவீங்க. சரியா வந்ததும், ஹவ், இப்ப ஓகேன்னு சொல்லிட்டு நானும் பஸ்ஸுக்குக் கெளம்புவேன். நேத்து எறங்கவே இல்ல. குளிச்சேன், சாப்பிட்டேன், அப்பவும் அதே ஓட்டம். ஆண்டி இத இப்படியே விட்டுட்டு உக்கார்ற ஆள் இல்லயேன்னு தோணுச்சு. நம்ம அபார்ட்மெண்ட் வாட்ஸப் குரூப்லருந்து நம்பர் எடுத்துக் கூப்பிட்டேன். பாட்டு நின்னுச்சு, நீங்க எடுக்கல, மறுபடி அதே ஓட்டம். மேல ஓடி வந்துட்டேன்."

"ஒனக்குத்தான் இந்தச் சத்தமே பிடிக்காதே?"

"பிடிக்காதுதான்" என்றாள், கொஞ்சமும் தயங்காமல். "ஆனா தெனமும் கேக்குதே, என்ன பண்றது?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சிரித்தால் தையல் வலித்தது.

வீட்டுக்கு வந்த பிறகு, நடக்கப் பழகும் வரை தினமும் டூட்டிக்குப் போகுமுன் மேலே வந்து பார்த்துவிட்டுப் போவாள். அந்தக் கோப்பு மட்டும் பாக்கி இருந்தது. அதைப் போட்ட உடனே நிறுத்திவிடுவேன். நீக்கிவிடலாம் என்றேன். "நக்கோ ஆண்டி, அது என்ன பண்ணுச்சு பாவம்! நீங்க உக்காருங்க" என்று கைபேசியை வாங்கிக்கொண்டு அவளே வேகத்தைக் குறைக்க ஆரம்பித்தாள். குறையக் குறைய அது வேறு பாட்டாக மாறியது. படை நடப்பு என்று நான் நினைத்திருந்தது தாலாட்டு மாதிரி மெதுவாக, ஒவ்வொரு சுரமாக யோசித்து யோசித்து இறங்கியது. "இவ்ளோ போதும்" என்று அவள் நிறுத்திய இடம் சரியான இடம். நான் இன்னும் வேகமாகத்தான் விட்டிருப்பேன். அந்தப் பொய்ச் சுரத்தை நீக்கி, அவள் வைத்த வேகத்தோடு குழுவுக்கு அனுப்பினேன். எங்கோ ஒரு நாட்டிலிருந்து ஒருவர், தன் வீட்டுப் பியானோவில் அதை ஓடவிட்டுக் கேட்டதாகவும் வேகம் மிகச் சரி என்றும் எழுதியிருந்தார். படித்துக் காட்டினேன். "அச்சா?" என்று கேட்டுவிட்டு, வெட்கப்பட்டுக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

இந்த வருஷம் அலைச்சல் தாங்கவில்லை என்று பட்டான்செரு பக்கமே வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டாள். கிளம்பும் அன்று, நான் கொடுத்துவைத்திருந்த சாவியை என் கையில் திருப்பி வைத்தாள். கீழ்வீட்டுக்கு இன்னும் யாரும் குடிவரவில்லை. ஒரு காரணமும் இல்லாமல் அவளைக் கூப்பிட நான் பழகிக்கொண்டேன். அவள் தூங்கும் நேரம் எனக்குத் தெரியும், அந்த நேரத்தில் மட்டும் கூப்பிட மாட்டேன்.

அன்று தரையில் கிடந்தபடி என்னைக் கூப்பிடக்கூடியவர்கள் யார் யார் என்று உயிர்ப் பயத்தில் தேடினேனே, அதைத்தான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். கனடா வரைக்கும் போனேன். கடன் விற்கும் பெண்கள் வரைக்கும் போனேன். என் தரைக்குக் கீழே, சாயங்காலம்தோறும் நான் செய்ததையெல்லாம் கேட்டுக்கொண்டு ஒருத்தி இருந்தாள். அவள் முகம் மட்டும் எனக்கு ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை.