வீட்டுக்கு ஆள் காட்ட வந்தவள்

ஜவ்வாது மலையில் வீடில்லாதவர்களுக்கு வீடு கட்டித் தருகிறோம் என்று ஐம்பத்தெட்டாம் வருஷம் ஒரு கூட்டம் கிளம்பியது. வாணியம்பாடித் தோல் வியாபாரி, புளி மண்டிக்காரர், ஒரு வக்கீல் என்று பெரிய மனிதர்கள் முதல் போட்டார்கள். வீடில்லாதவர்கள் ஆறு மாதம் அங்கே நிலையாகக் குடியிருந்தால், பட்டணத்துத் தர்ம டிரஸ்ட் ஒன்று அந்த முதலை லாபத்தோடு திருப்பிக் கொடுக்கும். இல்லையென்றால் முதல் அம்போ. புண்ணியத்திலும் லாபம் பார்க்கிற மூளை! அந்தச் சுவர்களை எழுப்பச் சந்தவாசலிலிருந்து போன கொத்தன் நான்.

நாங்கள் வீடு கட்டிய மலையூரில் நிஜமாகவே வீடில்லாதவள் மாதம்மாள். புருஷன் கடுக்காய் மரத்திலிருந்து விழுந்து செத்தான். குடிசையும் சரிந்துவிட்டது. மசக்கையோடு புளியமரத்தடியில் கிடந்தாள். பிள்ளை பிறக்க ஒரு கூரை, அவ்வளவுதான் அவள் கேட்டது.

முதலாளிகளின் ஏஜெண்டு கோபால்சாமி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இது ஒண்டிக்கட்டை. நாளைக்கே கீழ கூலிக்குப் போய்டும். அப்பறம் நம்ம முதல் இன்னாவறது?" என்றார். ஓடிப் போகாத ஆளாகப் பார்த்துக் கொடுத்தார். ஓடிப் போகாதவன் யார்? ஏற்கெனவே வீடும் நிலமும் உள்ளவன்தானே! ஊர் நடுவில் நல்ல வீடு வைத்திருந்த லட்சுமணனுக்கு ஒன்று கிடைத்தது. அவன் அதில் விதைச் சாமை மூட்டைகளை அடுக்கினான். மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். தூ! மூட்டைக்கு வீடு கட்டிய புண்ணியவான்கள்!

ஆறு மாதம் கழித்து டிரஸ்ட் அதிகாரி பார்வையிட வருவதாகச் சேதி வந்தது. மற்றவர்கள் பெண்டாட்டி பிள்ளைகளைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். லட்சுமணன் பெண்டாட்டியோ, "என் வூட்ட வுட்டுட்டு அங்க வந்து குந்தமாட்டேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டாள். கோபால்சாமி புளியமரத்தடிக்கு ஓடினார்.

"ஒரு பொழுது அந்த வூட்ல குந்திக்கினு இரும்மா. கேட்டா உன் வூடுன்னு சொல்லு. சாயங்காலம் போய்டலாம்."

நிறைமாத வயிற்றோடு மாதம்மாள் போனாள். அதிகாரி வந்தார். "வீடு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார். "நல்லா கீதுங்க" என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு, வாசல் நிலையை இறுகப் பிடித்திருந்தாள். அந்த மனுஷருக்கு அது கண்ணில் படவில்லை. திருப்தியாக மலை இறங்கினார்.

மழை பிடித்தது. அதிகாரி கண்ணில் படாமல் வெளியே எடுத்து வைத்திருந்த மூட்டையோடு லட்சுமணன் வந்து நின்றான். "எந்திரி, மூட்டை நனையுது."

உள்ளிருந்து அவள் கத்தினாள். "காலையிலேர்ந்து வலிண்ணா! உள்ள வராத!" கொஞ்ச நேரத்தில் பச்சைப் பிள்ளை அழும் சத்தம் கேட்டது.

பிரசவமான வீட்டுக்குள் அந்த மலைக்காரர்கள் வகையறாவில் வேற்று ஆண் காலெடுத்து வைக்கமாட்டான். அந்த இடத்தில் விதைத் தானியத்தை அப்புறம் எந்தக் காலத்திலும் வைக்கமாட்டார்கள். கீழ்நாட்டு ஆளான கோபால்சாமிக்கு அது என்ன தெரியும்? "புடிச்சி வெளிய தள்ளுய்யா!" என்று குதித்தார்.

"நீயே போய் தள்ளு சாமி. எனக்கு இனிமே அந்த வூடு வாணாம்" என்று லட்சுமணன் நனைந்தபடியே திரும்பிப் போனான்.

முதலாளிகளுக்கு லாபம் வந்து சேர்ந்தது. வெட்கமே இல்லாத கோபால்சாமி, வீடு தன்னால்தான் கிடைத்தது என்று, பிள்ளைக்குத் தன் பேரை வைக்கும்படி என்னிடம் சொல்லியனுப்பினார். நானும் போய்ச் சொன்னேன்.

மாதம்மாள் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இந்த வூட்ட எனக்குக் குடுத்தது எம் புள்ளண்ணா. அந்தாளு இல்ல."